ஃப்ளாக் எதுவும் குடுக்கலன்னா ஜிபியு கம்பைலர் என்ன பண்ணணும்?

ஒரே கெர்னல் ஃபைல் (கெர்னல்னா ஜிபியுல ஓடுற ஃபங்ஷன்), ஒரு எழுத்து மாத்தல. என்விடியாவோட கம்பைலர் என்விசிசில கம்பைல் பண்ணி ஓட்டுனா சர்ருன்னு ஓடுது, அதையே ஓபன்சோர்ஸ் கம்பைலர் கிளாங்ல கம்பைல் பண்ணா நொண்டுது. உடனே "கிளாங்கோட ஜிபியு பேக்எண்ட் இன்னும் தேறலப்பா"ன்னு முடிவு கட்டிட்டு போயிடறாங்க. இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப காதுல விழுது, அதான் இத எழுத உக்காந்தேன். பெரும்பாலும் பேக்எண்ட் மேல, அதாவது மெஷின் கோட் உருவாக்கற பகுதி மேல, தப்பு இருக்காதுங்க. ரெண்டு தடவையும் ஆப்டிமைசேஷன் ஃப்ளாக் (கோட எவ்ளோ மெருகேத்தணும்னு சொல்ற ஆப்ஷன், ஓ0ன்னா எதுவும் பண்ணாத, ஓ3ன்னா முழுசா பண்ணு) எதுவுமே குடுத்திருக்க மாட்டாங்க. குடுக்காதப்போ ஒவ்வொரு கம்பைலரும் அதது இஷ்டத்துக்கு ஒரு லெவல வச்சுக்குது, அந்த இஷ்டம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதே இல்ல.

என்விசிசி உள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல பாத்துடலாம். சிபியுல ஓடுற கோட தனியா பிரிச்சு ஜிசிசி மாதிரி ஏதாவது ஒரு கம்பைலர் கையில குடுத்துடும். ஜிபியுல ஓடுறத பிடிஎக்ஸ்ங்கற இடைநிலை மொழிக்கு மாத்தி, அப்புறம் பிடிஎக்ஸ்ஏஎஸ்ங்கற அசெம்ப்ளர வச்சு மெஷின் கோடாக்கும். இந்த பிடிஎக்ஸ்ஏஎஸ்ஸோட டிஃபால்ட் லெவல் 3. அதனால நீங்க வாயே தொறக்கலன்னாலும் ஜிபியு பக்கம் முழு ஆப்டிமைசேஷனும் நடந்துடும், சிபியு பக்கம் மட்டும் ஜிசிசியோட வழக்கப்படி ஓ0ல நிக்கும். கிளாங் அப்படி இல்ல. ஃப்ளாக் இல்லன்னா ஆப்டிமைசேஷன் இல்லங்கறது அதோட கொள்கை, அந்தக் கொள்கைய ஜிபியு பக்கமும் விடாம புடிச்சுக்கிட்டு பிடிஎக்ஸ்ஏஎஸ்ஸ கூப்புடும்போதே ஓ0ன்னு சொல்லித்தான் கூப்புடுது. ஏஎம்டி பக்கம் போனா இன்னும் குழப்பம்: ஹிப்ங்கற அவங்க ஜிபியு புரோகிராமிங் முறைக்கான கம்பைலர் ஹிப்சிசில லெவல் சொல்லலன்னா அதுவாவே ஓ3ய சேத்துக்கும், ஆனா ஹிப்சிசி உள்ளுக்குள்ள கூப்புடற அதே கிளாங்க நீங்க நேரா கூப்புட்டா ஓ0. இன்டெலோட ஐசிஎக்ஸ்ஸும் கிளாங் மேல கட்டுனதுதான், ஆனா அதோட டிஃபால்ட் ஓ2. ஷேடர் (கிராஃபிக்ஸுக்காக ஜிபியுல ஓடுற புரோகிராம்) உலகத்துல மைக்ரோசாஃப்டோட பழைய எஃப்எக்ஸ்சிக்கு ஓ1, பின்னாடி வந்த டிஎக்ஸ்சிக்கு ஓ3, வல்கன்ங்கற கிராஃபிக்ஸ் ஏபிஐ ஆளுங்க பயன்படுத்துற ஜிஎல்எஸ்எல்சிக்கு ஓ0. பல கம்பெனி ஜிபியுவுக்கும் பொதுவான ஓபன்சிஎல்லுக்கு ஸ்பெக்லயே தெளிவா எழுதி வச்சுட்டாங்க, ஆப்டிமைசேஷன் ஆன்ல இருக்கும், வேணாம்னா நீங்களாத்தான் டிசேபிள் ஃப்ளாக் போடணும்.

இதுல யார் பண்றது சரி? எனக்கு இதுல தெளிவான கருத்து இருக்கு. ஜிபியு கோடுக்கு டிஃபால்ட்டா ஓ0 குடுக்கறது தப்பு. சிபியுல அது ஒரு நியாயமான முடிவா இருந்துச்சு, ஜிபியுக்கு அந்த நியாயம் வந்து சேரல.

சிபியுல ஓ0ன்னா என்ன ஆகுது? எல்லா வேரியபிளும் ஸ்டாக்ல உக்காருது, ஒவ்வொரு தடவையும் மெமரில இருந்து எடுத்து மெமரிலயே திரும்ப வைக்குது. ஆனா அந்த ஸ்டாக் எல்1 கேஷ்லயேதான் இருக்கும், ஒரு கோர்ல ஒண்ணோ ரெண்டோ த்ரெட்தான், அதுக்குன்னு 32 இல்லன்னா 48 கேபி கேஷ் இருக்கு. புரோகிராம் சில மடங்கு மெதுவாகும், ஆனா டீபக்கர்ல எல்லாம் அழகா தெரியும், கம்பைலும் சீக்கிரம் முடியும். நல்ல பேரம் அது.

இப்ப ஜிபியுவ எடுத்துக்கங்க. என்விடியாவோட ஏ100 கார்டுல ஒரு எஸ்எம்முக்கு (சிபியு கோர் மாதிரி ஜிபியுக்குள்ள இருக்கற ஒரு கணக்குப் பிரிவு) 2048 த்ரெட் வரைக்கும் ஒரே நேரத்துல உள்ள இருக்கலாம். அந்த எஸ்எம்மோட எல்1ம் ஷேர்டு மெமரியும் (த்ரெட்டுங்க பகிர்ந்துக்கற மெமரி) சேந்தே மொத்தம் 192 கேபிதான். வகுத்துப் பாருங்க, ஒரு த்ரெட்டுக்கு 96 பைட். நாலு பைட் வேரியபிளா இருந்தா 24 வேரியபிள், அதுவும் ஷேர்டு மெமரிக்கு ஒரு பைட் கூட ஒதுக்காம, உண்மையான டேட்டாவுக்கும் இடம் விடாம. நாலு லூப், கொஞ்சம் இண்டெக்ஸ் கணக்கு, ரெண்டு மூணு ஹெல்பர் ஃபங்ஷன் இருந்தாலே ஓ0ல அத தாண்டிடும். தாண்டுனா எல்2வுக்குப் போகும், அங்கயும் இடம் இல்லன்னா கார்டோட மெயின் மெமரிக்கே போகும், ஏன்னா ஒரு த்ரெட்டோட ஸ்டாக்குன்னு நாம சொல்றது அங்க லோக்கல் மெமரி, பேருதான் லோக்கல், இருக்கறது டிவைஸ் மெமரியில. ஒரு லூப் கவுண்டர ஒரு வார்ப் (சேந்து ஓடுற 32 த்ரெட் கூட்டம்) படிச்சா 32 த்ரெட்டுக்கு நாலு நாலு பைட்டா 128 பைட், ஒரு முழு கேஷ் லைன். ஐ-ய ஒண்ணு கூட்டறதுக்கு ஒரு கேஷ் லைன் படிச்சு ஒரு கேஷ் லைன் எழுதணும். அதே எஸ்எம்முல ரெஜிஸ்டர் ஃபைல் மட்டும் 256 கேபி இருக்கு, 65536 ரெஜிஸ்டர், எல்1ஐ விட பெருசு. ஜிபியு டிசைனே வேலைய ரெஜிஸ்டர்ல வச்சுக்கத்தான். ஓ0 அத சும்மா கிடக்க விட்டுட்டு ஸ்டாக்க தேடிப் போகுது.

மெதுவா ஓடுறதோட நின்னா கூட பரவால்ல, ஓ0ல சில கெர்னல் ஓடவே ஓடாது. ஒரு பிளாக்ல (ஒரே எஸ்எம்முல சேந்து ஓடுற த்ரெட் தொகுப்பு) 1024 த்ரெட் வேணும்னா ஒரு த்ரெட்டுக்கு 64 ரெஜிஸ்டர்தான் கிடைக்கும், 65536ஐ 1024ஆல வகுத்தா அவ்ளோதான். ஆப்டிமைஸ் பண்ணப்போ அதுக்குள்ள அடங்குன கெர்னல், டீபக் பில்ட்ல அத தாண்டிடுச்சுன்னா லாஞ்ச் பண்ணும்போதே ரிசோர்ஸ் பத்தலன்னு எரர் வரும். நெறைய பேர் இந்த எரர தன் கோட்ல இருக்கற பக்னு நெனச்சு தேடிட்டு இருப்பாங்க. இன்லைன் அசெம்ப்ளில கான்ஸ்டன்ட் கேக்குற இடங்களும் இருக்கு, ஃபங்ஷன் இன்லைன் ஆனாத்தான் அந்த ஆர்குமெண்ட் கான்ஸ்டன்ட்னு கம்பைலருக்கே தெரியவரும், ஓ0ல இன்லைன் ஆகாது, கம்பைலே ஆகாம நின்னுடும். அப்புறம் பாயிண்டர் விஷயம். இது ஷேர்டு மெமரி பாயிண்டரா குளோபல் பாயிண்டரான்னு கண்டுபுடிச்சு அதுக்கேத்த லோட் இன்ஸ்ட்ரக்ஷன் போடறது எல்எல்விஎம்ல (கிளாங்குக்கு அடித்தளமான கம்பைலர் கட்டமைப்பு) ஒரு ஆப்டிமைசேஷன் பாஸ், ஓ0ல அது ஓடாது, எல்லாமே பொதுவான ஜெனரிக் லோடா போகும். சின்ன அரே ஒண்ண ரெஜிஸ்டர்ல வச்சுக்கணும்னா கூட லூப்ப அன்ரோல் பண்ணி (சுத்த விடாம வரிவரியா விரிச்சு) இண்டெக்ஸ் எல்லாம் கான்ஸ்டன்ட் ஆனாத்தான் முடியும், இல்லன்னா அந்த அரேயும் லோக்கல் மெமரிக்குப் போயிடும்.

ஆக ஜிபியுல ஆப்டிமைசேஷன்ங்கறது மேல போடற பாலிஷ் கெடையாது, எழுதுன கோட் அந்த ஹார்டுவேர்க்கு ஏத்த கோடா மாறறதுக்கே அது வேணும். அதனாலதான் ஃப்ளாக் குடுக்காத ஆளுக்கு ஆப்டிமைஸ் பண்ண கோட்தான் கைக்கு வரணும்னு சொல்றேன். இதுல என்விசிசியும் ஹிப்சிசியும் ஓபன்சிஎல்லும் எடுத்த முடிவு சரி.

சரி, ஓ2வா ஓ3யா? நேர்மையா சொன்னா இதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டியதில்ல. எல்எல்விஎம்ல ரெண்டுக்கும் வித்தியாசம் கம்மிதான். இன்லைன் பண்றதுக்கான வரம்பு ஓ2ல 225, ஓ3ல 250. ஆனா என்விடியா டார்கெட்டும் ஏஎம்டி டார்கெட்டும் அந்த வரம்ப 11ஆல பெருக்கிக்குது, ஃபங்ஷன் கால் ஜிபியுல அவ்ளோ செலவுங்கறதால. அப்படி பெருக்குன அப்புறம் 225க்கும் 250க்கும் நடுவுல இருக்கற சண்டை பெருசா எதையும் தீர்மானிக்கறதில்ல. நிஜமா தீர்மானிக்கறது அன்ரோலும் ரெஜிஸ்டர் கணக்கும். லூப்ப ரொம்ப அன்ரோல் பண்ணா லோட் எல்லாம் முன்னாடியே போயிடும், லேட்டன்சி மறையும், நல்லதுதான், ஆனா ரெஜிஸ்டர் ஏறும். 2048 த்ரெட்டும் உள்ள இருக்கணும்னா ஆளுக்கு 32 ரெஜிஸ்டர். 64 ஆச்சுன்னா 1024 த்ரெட், பாதி ஆக்குபென்சி, அதாவது உள்ள இருக்கக்கூடிய த்ரெட்ல பாதிதான் இருக்கும். 255ங்கற உச்சத்த தொட்டா 256 த்ரெட்தான், எட்டே எட்டு வார்ப். சில கெர்னலுக்கு எட்டு வார்ப்பே போதும், மேட்ரிக்ஸ் பெருக்கல் மாதிரி, ஒவ்வொரு த்ரெட்டும் நெறைய வேலைய தனக்குள்ளயே வச்சிருக்கும். மெமரிய மட்டும் நம்பி ஓடுற கெர்னலுக்கு அது பத்தாது. கம்பைலருக்கு இது எந்த ரகம்னு தெரியாது, எத்தன த்ரெட்டோட லாஞ்ச் பண்ணப் போறீங்கன்னும் தெரியாது. லெவல் நம்பர மாத்தறத விட லாஞ்ச் பவுண்ட்ஸ் ஒரு வரி எழுதி "இந்த கெர்னல் 256 த்ரெட்டுக்கு மேல போகாது"ன்னு சொல்றது பல சமயம் அதிகமா உதவும். ஹிப்ல இத சொல்லலன்னா 1024 த்ரெட் வரும்னு வச்சுக்கிட்டு ரெஜிஸ்டர இறுக்கிப் புடிக்கும். நீங்க எப்பவும் 256தான் போடறவங்களா இருந்தா, தேவையே இல்லாத ஸ்பில்ல (ரெஜிஸ்டர்ல இடமில்லாம மெமரிக்குத் தள்ளுறது) சுமந்துகிட்டு ஓடிட்டு இருப்பீங்க. ஓ நம்பர் பத்தி ஆளாளுக்கு பேசறோம், இந்த மாதிரி பேர் இல்லாத டிஃபால்ட் பத்தி யாரும் பேசறதில்ல.

அடுத்தது, என்னை ரொம்ப உறுத்தற விஷயம். ஃப்ளாக் குடுத்தும் அது சொன்னத செய்யலன்னா? என்விசிசில ஓ0ன்னு போட்டா அது சிபியு கோடுக்கு மட்டும்தான், ஜிபியு கோட் அப்பவும் 3லதான் கம்பைல் ஆகும். டாக்குமெண்டேஷன்ல ஹோஸ்ட் (சிபியு) கோடுக்குன்னு தெளிவா போட்டிருக்கு, மறுக்கல, ஆனா ஓ0ன்னு டைப் பண்ற மனுஷன் என்ன நெனச்சு டைப் பண்றான்? முழு புரோகிராமும் ஆப்டிமைஸ் ஆகாம வரும்னுதானே. ஜிபியு பக்கம் நிறுத்தணும்னா கேபிடல் ஜிங்கற டிவைஸ் (ஜிபியு) டீபக் ஃப்ளாக் போடணும், இல்லன்னா பிடிஎக்ஸ்ஏஎஸ்ஸுக்குன்னு தனியா லெவல அனுப்பணும். இதுக்கு மேல சிமேக்ங்கற பில்ட் டூல் வந்து உக்காருது. டீபக் பில்ட்னு தேர்ந்தெடுத்தா சிமேக் குடா (என்விடியாவோட ஜிபியு புரோகிராமிங் முறை) கோடுக்கு சேக்கறது ஸ்மால் ஜி மட்டும்தான். ஸ்மால் ஜி ஹோஸ்டுக்கான டீபக் தகவல். அதனால என்விசிசியோட சேத்து சிமேக் டீபக் பில்ட் போட்டா ஜிபியு கோட் முழுசா ஆப்டிமைஸ் ஆகித்தான் வருது, டீபக்கர்ல பிரேக்பாயிண்ட் வச்சா கெர்னலுக்குள்ள சரியா நிக்காது, வேரியபிள் தெரியாது. பில்ட் டைப்ப காலியா விட்டா அங்க இன்னொரு கூத்து, சிமேக் எந்த லெவலையும் சேக்காது, என்விசிசியா இருந்தா ஜிபியு 3ல, கிளாங்கா இருந்தா ஜிபியு 0ல. மொதல்ல சொன்ன ஒப்பீடு கோணலாகறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

டிஃபால்ட் ஆப்டிமைஸ்டா இருக்கணும், சரி, ஆனா வெளிப்படையா ஓ0ன்னு கேட்டவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஓ0 குடுக்கணும். கேட்டத குடுக்கற விஷயத்துல கிளாங் நேர்மையா இருக்கு, கேக்காதப்போ குடுக்கற விஷயத்துல என்விசிசி புத்திசாலியா இருக்கு. ரெண்டும் ஒரே டூல்ல வேணும்னு ஆசைப்படறது பேராசையா எனக்குத் தோணல.

டீபக் பண்றது பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா ஓ0 டிஃபால்ட்டுக்கு வக்காலத்து வாங்கறவங்க கடைசியா வந்து நிக்கற இடம் அதுதான். முதல்ல, ப்ரொஃபைல் பண்றதுக்கும் எந்த வரில தப்புன்னு பாக்கறதுக்கும் ஆப்டிமைசேஷன நிறுத்தணும்னு அவசியம் இல்ல. லைன்இன்ஃபோ ஃப்ளாக் போட்டா ஆப்டிமைஸ் பண்ண கோட்லயே எந்த இன்ஸ்ட்ரக்ஷன் எந்த வரில இருந்து வந்துச்சுங்கற தகவல் சேந்துடும், பைனரி சைஸ் கொஞ்சம் ஏறும், ஓடுற கோட் மாறாது. கம்ப்யூட் சானிடைசர்ல மெமரி எரர் வந்தா அதுவே வரி நம்பர் வரைக்கும் காட்டிக் குடுக்கும். என்ன கேட்டா இது டிஃபால்ட்டாவே ஆன்ல இருக்கணும், வேணாங்கறவங்க ஆஃப் பண்ணிக்கட்டும். ரெண்டாவது, ஜிபியுல வர பக்ல ரொம்ப மோசமான ரகம் ரேஸ். ஷேர்டு மெமரில எழுதிட்டு சிங்க் போடாம பக்கத்து த்ரெட் படிக்கறது. கேபிடல் ஜி பில்ட்ல எல்லாம் மெமரி வழியா ஆமை வேகத்துல போறதால அந்த ரேஸ் நேர வித்தியாசத்துல மறைஞ்சு போகும், பதில் சரியா வரும். ஆப்டிமைஸ் பண்ணா கம்பைலர் அந்த வேல்யூவ ரெஜிஸ்டர்லயே வச்சுக்கும், லோட முன்னாடி நகத்தும், அப்ப உடையும். 2017ல என்விடியாவோட வோல்டா ஜிபியு வந்தப்போ ஒரே வார்ப்புக்குள்ள த்ரெட் தனித்தனியா நகரலாம்னு ஆச்சு, அதுக்கு முன்னாடி ஒரு வார்ப்னா எல்லாரும் ஒண்ணாத்தான் போவாங்கன்னு நம்பி எழுதுன ரிடக்ஷன் (பல வேல்யூவ கூட்டி ஒண்ணாக்கறது மாதிரி) கோட் எல்லாம் பத்திரமில்லாம போச்சு, அதுக்காகத்தான் குடா 9ல வார்ப் லெவல் சிங்க் வந்துச்சு. அந்த வகை பக் உள்ள கோட ஓ0லயே டெஸ்ட் பண்ணிட்டு இருந்தா கண்ணுல படாமலே போயிடலாம். டெவலப் பண்ணும்போதும் ஷிப் பண்ணப் போற அதே லெவல்ல ஓட்டறதுதான் பாதுகாப்பு, ஸ்டெப் பண்ணிப் பாக்கணும்ங்கற அன்னிக்கு மட்டும் கேபிடல் ஜி. ஜிசிசில இருக்கற ஓஜி மாதிரி, டீபக்கும் ஆகணும் ரெஜிஸ்டரும் உபயோகிக்கணும்ங்கற நடு லெவல் ஒண்ணு ஜிபியு பக்கம் நல்லா வந்தா சந்தோஷப்படுவேன். என்விசிசில கேபிடல் ஜியோட சேத்து டிஆப்ட் ஆன்னு ஒரு வசதி இருக்கு, திசை சரி.

இப்ப முக்கியமான எல்லைக்கோடு: கணக்கோட விடைய மாத்தற ஆப்டிமைசேஷன். ஓ3 வரைக்கும் கம்பைலர் எவ்ளோ வேணா புரட்டிப் போடட்டும், விடை மாறாத வரைக்கும் எனக்கு ஆட்சேபனை இல்ல. ஃபாஸ்ட் மேத் அந்தக் கோட்ட தாண்டுது. என்விசிசில யூஸ் ஃபாஸ்ட் மேத் போட்டா டீநார்மல் (சுழிக்கு ரொம்ப ரொம்ப பக்கத்துல இருக்கற) நம்பர் எல்லாம் சுழி ஆகும், வகுத்தலும் வர்க்கமூலமும் தோராயமாகும், சைன் காஸ் எக்ஸ்ப் எல்லாம் துல்லியம் கொறஞ்ச ஹார்டுவேர் வெர்ஷனுக்குப் போகும், இதெல்லாம் சிங்கிள் பிரிசிஷனுக்கு. டிஃபால்ட்ல இது ஆஃப், ரொம்ப சரி. கிளாங்ல அதே பேர்ல இருக்கற ஃபாஸ்ட் மேத் வேற ஜாதி: நேன் (எண்ணே இல்லாத விடை) வரவே வராதுன்னு கம்பைலர் வச்சுக்கும். நீங்க பாதுகாப்புக்காக இஸ்நேன்னு ஒரு செக் போட்டிருந்தா அது எப்பவும் பொய்னு தூக்கிடும். ஒரு மாடல ட்ரெயின் பண்றப்போ கிரேடியண்ட்ல நேன் வந்தா அந்த ஸ்டெப்ப தள்ளிடணும்னு எழுதுன செக், அது சத்தமில்லாம காணாமப் போகும். வார்னிங் வந்தாத்தான் உண்டு. இத ஒரு டூல் டிஃபால்ட்டா வைக்கலாமா? ஐசிஎக்ஸ்ல ஃப்ளோட்டிங் பாயிண்ட் மாடல் டிஃபால்ட்டே ஃபாஸ்ட்தான். ஆப்பிளோட ஜிபியு ஏபிஐயான மெட்டல்லயும் ஃபாஸ்ட் மேத் ஆன்லதான் வரும். மெட்டல் கிராஃபிக்ஸ்க்குன்னு பொறந்தது, ஒரு பிக்சல் கலர் ஏழாவது தசமத்துல மாறுனா யாருக்கும் தெரியாது, அங்க அது புரியுது. பொதுவான கம்ப்யூட் டூல்ல அத டிஃபால்ட்டா வைக்கறது எனக்கு ஒப்பல. கிளாங் ஆளுங்க 2024ல எல்எல்விஎம் 19ல ஃபாஸ்ட் மேத்தையும் சேத்துக்கற ஓஃபாஸ்ட்ங்கற லெவலையே டெப்ரிகேட் பண்ணாங்க. ஓ3க்கு அடுத்து இன்னும் ஒரு படி மேலன்னு நெனச்சு போடறாங்க, உண்மையில அது படி இல்ல, வேற அர்த்தம் உள்ள புரோகிராம். அந்த முடிவு வந்தப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

எஃப்எம்ஏ மட்டும் இதுல நடுவுல நிக்குது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனா சேத்து, ரவுண்டிங் ஒரே தடவை பண்றது. என்விசிசில இது டிஃபால்ட்டா ஆன், கிளாங்லயும் குடாவுக்கும் ஹிப்புக்கும் ஆன். பெரும்பாலும் விடை இன்னும் துல்லியமாத்தான் ஆகும், வேகமும் இரட்டிப்பாகலாம், அதனால ஆன்ல இருக்கறத நான் ஆதரிக்கிறேன். ஆனா ஒரு பொறி இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கங்க. ரெண்டு நம்பரோட வர்க்கத்த கழிச்சு வர்க்கமூலம் எடுக்கறீங்க, ரெண்டு நம்பரும் சமம்னு வைங்க, விடை சுழி வரணும். எஃப்எம்ஏ வந்தா ஒரு வர்க்கம் ரவுண்ட் ஆகியிருக்கும், இன்னொண்ணு ஆகாம முழு துல்லியத்தோட உள்ள போகும், கழிச்சா அந்த ரவுண்டிங் பிழை மட்டும் மிச்சம் நிக்கும், அது நெகட்டிவா இருந்தா வர்க்கமூலம் நேன். கணக்குப் புத்தகப்படி சரியான கோட், சிபியுல ஓடுது, ஜிபியுல நேன். அந்த வரிக்கு மட்டும் ரவுண்ட் பண்ற இன்ட்ரின்சிக் பெருக்கல உபயோகிச்சா போதும், கம்பைலர் அத எஃப்எம்ஏவா சேக்காது. முழு புரோஜெக்டுக்கும் எஃப்எம்ஏவ ஆஃப் பண்ணிடாதீங்க.

டிஃபால்ட் ஆர்க்கிடெக்சரும் லெவலோட சேத்து யோசிக்க வேண்டியது, இத நெறைய பேர் மறந்துடறாங்க. குடா 11லயும் 12லயும் ஆர்க் ஃப்ளாக் இல்லாம என்விசிசிய கூப்புட்டா எஸ்எம் 52ங்கற ஆர்க்கிடெக்சருக்கு கம்பைல் பண்ணும், அது 2014ல வந்த மேக்ஸ்வெல் ஜிபியு. கூடவே அதுக்கான பிடிஎக்ஸ்ஸையும் உள்ள வைக்கும், புது கார்டுல டிரைவர் அத ஓடும்போது திரும்ப கம்பைல் பண்ணிக்கும். ஓடும், ஆனா டென்சர் கோர் (மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கான தனி ஹார்டுவேர்) இருந்தா இந்தப் பாதைன்னு இஃப் போட்டு எழுதுன கோட் எதுவும் அந்த பைனரிலயே இருக்காது. டபுளுக்கு அட்டாமிக் கூட்டல் எஸ்எம் 60ல இருந்துதான், அதனால அப்படி ஒரு வரி எழுதுனா கம்பைலே ஆகாது, புதுசா கத்துக்கறவங்களுக்கு ஏன்னே புரியாது. குடா 13ல இது 75க்கு நகர்ந்துச்சு. ஓ3 போட்டு 2014 ஹார்டுவேர்க்கு ஆப்டிமைஸ் பண்றத விட, ஓ2 போட்டு கைல இருக்கற கார்டுக்கு கம்பைல் பண்றது எவ்ளோ மேல். மெஷின்ல கார்டு இருந்தா நேட்டிவ், இல்லன்னா ஒழுங்கா கேளுன்னு எரர் குடு, இதுதான் என் விருப்பம்.

கம்பைல் நேரம் பத்தி சொல்லாம போனா நியாயமில்ல, ஓ0 வேணும்ங்கறவங்களோட நிஜமான வலி அதுதான். டெம்ப்ளேட் நெறைஞ்ச அட்டென்ஷன் கெர்னல் மாதிரி ஒண்ண எடுத்தா, ஹெட் சைஸ் ஒவ்வொண்ணுக்கும், டேட்டா டைப் ஒவ்வொண்ணுக்கும், ஆர்க்கிடெக்சர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா முழு கம்பைல், அதுல பிடிஎக்ஸ்ஏஎஸ் ரெஜிஸ்டர் ஒதுக்கறதுலயே கணிசமான நேரம் போகும். இதுக்கு மருந்து ஓ0 இல்ல. டெவலப் பண்றப்போ ஒரே ஆர்க்குக்கு மட்டும் கம்பைல் பண்ணுங்க, அதுவே அஞ்சு ஆர்க் லிஸ்ட்ட ஒண்ணாக்கிடும். என்விசிசில புதுசா வந்த ஓஃபாஸ்ட்-கம்பைல் ஃப்ளாக்ல மின், மிட், மேக்ஸ்னு படி இருக்கு, வேகத்த எவ்ளோ விட்டுக் குடுத்து கம்பைல் நேரத்த எவ்ளோ மிச்சம் புடிக்கறதுன்னு நீங்களே சொல்லலாம், 0ல இருந்து 3 வரைக்கும் ஒரே கோட்டுல எல்லாத்தையும் அடைக்கறத விட இது நல்ல யோசனை. கேம் உலகத்துல இந்த வலி யூசர் தலையிலயே விழுது, ஷேடர் கம்பைல் ஆகறப்போ படம் ஒரு நொடி நின்னு போகும். வால்வ் ஆளுங்க ஏசிஓன்னு தனி கம்பைலரே எழுதி, அது 2020ல மேசாங்கற ஓபன்சோர்ஸ் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்போட 20.2 வெர்ஷன்ல, ஏஎம்டி கார்டுக்கான ஆர்ஏடிவி டிரைவருக்கு டிஃபால்ட் ஆச்சு, கம்பைல் நேரம் அதுக்கு முக்கியமான காரணம். வல்கன்ல 2022ல வந்த கிராஃபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி எக்ஸ்டென்ஷன் இன்னும் ஒரு படி, முதல்ல துண்டு துண்டா இருக்கறத சட்டுன்னு லிங்க் பண்ணி ஓட்டு, பின்னாடி த்ரெட்ல முழு ஆப்டிமைசேஷனோட லிங்க் பண்ணி மாத்திக்கோ. ஓடும்போது கம்பைல் பண்ற எல்லா டூலும் இந்த வழிக்கு வரணும்னு நெனைக்கிறேன். குடா டிரைவரோட ஜிட்ல (ஓடும்போதே கம்பைல் பண்ற பகுதி) லெவல் 0ல இருந்து 4 வரைக்கும், டிஃபால்ட் உச்சமான 4. ஏஐ மாடல் எழுதற பைடார்ச் லைப்ரரில டார்ச் கம்பைல் பண்ணா டிஃபால்ட் மோட் நிதானமானது, மேக்ஸ் ஆட்டோட்யூன் வேணும்னா நீங்க கேக்கணும், ஏன்னா ஒவ்வொரு மேட்ரிக்ஸ் சைசுக்கும் பல வழிய ஓட்டிப் பாத்து தேர்ந்தெடுக்க ரொம்ப நேரம் ஆகும். அந்த முடிவு சரியான முடிவு.

நான் இப்ப எந்த குடா புரோஜெக்ட தொட்டாலும் முதல்ல பண்றது இதுதான்: பில்ட் டைப் காலியா இருந்தா ரிலீஸ்னு வச்சுடறேன், லைன்இன்ஃபோ எல்லா பில்டுலயும் ஆன், டிவைஸ் டீபக்குக்கு தனி ஆப்ஷன் ஒண்ணு, அதுல மட்டும் கேபிடல் ஜி, ஃபாஸ்ட் மேத் குளோபலா கெடையாது, வேணும்ங்கற ஃபைலுக்கு மட்டும், ஆர்க் லிஸ்ட் கண்டிப்பா எழுதியிருக்கணும். கான்ஃபிகர் முடியறப்போ ஹோஸ்ட் லெவல், டிவைஸ் லெவல், மேத் மோட், ஆர்க், நாலையும் ஸ்க்ரீன்ல பிரிண்ட் பண்ண வைக்கறேன். அப்புறம் பிடிஎக்ஸ்ஏஎஸ்ஸ வெர்போஸ்ல ஓட விட்டு, ஸ்பில் ஆனா வார்னிங் குடுன்னும் சொல்லிடறேன். ஒவ்வொரு கெர்னலுக்கும் எத்தன ரெஜிஸ்டர், எத்தன பைட் ஸ்பில்னு லாக்ல வரும், சிஐல (தானா பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டற சிஸ்டம்) போன பில்டோட ஒப்பிட்டுப் பாக்கலாம். கம்பைலர் வெர்ஷன் மாறுன அன்னிக்கு எந்த கெர்னல் 64 ரெஜிஸ்டர தாண்டிச்சுன்னு அந்த லாக்லதான் முதல்ல தெரியும்.